ஓஷன்ஸ் ட்வெல்வ்: முட்டையை எப்போதோ எடுத்தாச்சு, நம்மை எதற்கு உட்கார வைத்தார்கள்?

கடைசிவரிசை எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்பாய்லர் முழுக்க உண்டு. ஓஷன்ஸ் லெவன் என்ற திருட்டுப் படத்தின் இரண்டாம் பாகம் இது, 2004 டிசம்பரில் வந்தது, இன்னும் பார்க்காமல் இந்த இழைக்குள் நுழைந்துவிட்டு கிளைமாக்ஸைச் சொல்லிட்டான் என்று அழக்கூடாது.

இந்தப் படத்தைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ஜூலியா ராபர்ட்ஸ் விஷயத்தைத்தான். திருட்டுக் கும்பலின் தலைவன் டேனி ஓஷனின் மனைவி டெஸ்ஸாக நடிப்பவர் ஜூலியா ராபர்ட்ஸ். கதைக்குள் அந்த டெஸ் பார்ப்பதற்கு ஜூலியா ராபர்ட்ஸ் மாதிரியே இருப்பதால், ஜூலியா ராபர்ட்ஸாகவே வேஷம் போட வைத்து மியூசியத்துக்குள் அனுப்புகிறார்கள். கேட்கும்போதே தலை சுற்றும். எனக்கு அதில் பெரிய புகார் கிடையாது. என் புகார் அந்த ரயில்.

மறந்தவர்களுக்காக: முதல் பாகத்தில் லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதி முதலாளி பெனடிக்டின் பெட்டகத்திலிருந்து 16 கோடி டாலரை அடித்த பதினொரு பேரையும் பெனடிக்ட் ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்கிறான். வட்டியோடு திருப்பித் தர இரண்டு வாரம் கெடு. அமெரிக்காவில் இனி தொழில் பண்ண முடியாது என்று ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். அங்கே டூலூர் என்கிற பிரெஞ்சுக்காரன், பரம்பரைப் பணக்காரன், பொழுதுபோக்காகத் திருடுகிறவன், பந்தயம் கட்டுகிறான். ரோமில் காட்சிக்கு வைக்கப்போகும் ஃபாபெர்ஜே முட்டையை (ரஷ்ய ஜார் குடும்பத்துக்காகச் செய்த, விலைமதிப்பற்ற நகை முட்டை) யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்தான் பெரிய ஆள். டேனி ஜெயித்தால் கடன் முழுவதையும் டூலூரே கட்டிவிடுவான்.

இது நல்ல முடிச்சு. மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் ஒவ்வொரு முயற்சியாகச் சொதப்புகிறது, ஒவ்வொருவராக மாட்டுகிறார்கள், டெஸ் நாடகமும் ஊத்திக்கொள்கிறது. கடைசியில் பார்த்தால் முட்டை மியூசியத்துக்கு வந்து சேரும் முன்பே, ரயிலில் வைத்தே பையை மாற்றி எடுத்தாகிவிட்டதாம். மியூசியத்தில் இருந்தது டூப்ளிகேட்டாம். இதை எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக ஒரு பிளாஷ்பேக்கில் காட்டுகிறார்கள். அப்படியென்றால் நான் இவ்வளவு நேரம் பார்த்த சொதப்பல் எல்லாம் என்ன கணக்கு? திருட்டுப் படம் பார்க்க வந்தவனுக்குத் திருட்டையே காட்டாமல் அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் வரலாம்.

பாக்ஸ்ஆபீஸ்_பாண்டி எழுதியது:

கட்சி இருக்கட்டும், கல்லா கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் படத்தை அட்டர் பிளாப் என்று எழுதுகிறவர்கள் நிறைய. உலகம் முழுக்க முதல் பாகம் சுமார் 45 கோடி டாலர், இது சுமார் 36 கோடி, மூன்றாவது சுமார் 31 கோடி. இதன் பட்ஜெட் சுமார் 11 கோடி. எந்தக் கணக்கில் பார்த்தாலும் தோல்வி இல்லை. ஆனால் அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் 18 கோடிக்கு மேல் இருந்தது 12 கோடி சொச்சத்துக்கு இறங்கியது. முதல் பாகம் பிடித்துப்போய் வந்தவர்கள் ஏமாந்து, வாய்மொழியில் கெட்ட பெயர் பரவினால் இப்படித்தான் இறங்கும். அதனால்தான் மூன்றாவது பாகத்தில் மூட்டை கட்டிக்கொண்டு மறுபடி லாஸ் வேகாஸுக்கே ஓடினார்கள்.

டீக்கடை_விமர்சகர் எழுதியது:

படம் இல்லை பாஸ் அது, ஹனிமூன் ஆல்பம். ஆம்ஸ்டர்டாம், ரோம், கோமோ ஏரி. டேனியாக வரும் ஜார்ஜ் குளூனிக்கு அந்த ஏரிக்கரையில் லாக்லியோவில் சொந்த வீடே இருக்கிறது. வேலை முடிந்தால் நேராக வீட்டுக்குப் போய் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பார். நாம் டிக்கெட் காசு கொடுத்து அவர்கள் டூர் போட்டோவைப் பார்த்தோம்.

நிழல்மனிதன் எழுதியது:

கடைசிவரிசை, உங்கள் வாதம் ஒரு இடத்தில் இடிக்கிறது. முதல் பாகத்திலும் திருட்டின் முக்கியமான பகுதியை நமக்குக் காட்டவில்லையே? காப்பாற்ற வந்த அதிரடிப்படைக்காரர்களே திருடர்கள்தான் என்பது நமக்கும் கடைசியில்தான் தெரியும். வேனில் போன பைகளில் பணம் இல்லை, வெறும் விளம்பர நோட்டீஸ் என்பதும் அப்படித்தான். அப்போது கைதட்டினோம். இப்போது மட்டும் ஏமாற்றிவிட்டார்கள் என்றால் எப்படி? எல்லாத் திருட்டுப் படத்துக்கும் பிழைப்பே எதையாவது மறைப்பதில்தான் இருக்கிறது.

கடைசிவரிசை எழுதியது:

மறைப்பதில் தப்பில்லை நிழல். எதை மறைத்தார்கள், எங்கே வைத்து மறைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

முதல் பாகத்தில் அந்தப் பெட்டகத்தின் மாதிரியை ஒரு கிடங்கில் அச்சு அசலாகக் கட்டுகிறார்கள். அது நம் கண் முன்னால் நடக்கிறது. பயிற்சி எடுக்கத்தான் கட்டுகிறார்கள் என்று நாமே முடிவு பண்ணிக்கொள்கிறோம். கடைசியில் பெனடிக்ட் வீடியோவைத் திருப்பிப் பார்க்கும்போது பெட்டகத்தின் தரையில் பெலாஜியோ என்ற விடுதிப் பெயர் இல்லை என்று கவனிக்கிறான், கண்காணிப்புத் திரையில் ஓடியது அந்தக் கிடங்கில் எடுத்த வீடியோ என்று புரிகிறது. அந்த நிமிடம் நமக்குக் கிடைத்த சந்தோஷம் எங்கிருந்து வந்தது? கண் முன்னால் இருந்த பொருளையே நாம் தப்பாகப் படித்துவிட்டோம் என்பதிலிருந்து. படத்தை மறுபடி போட்டால் ஒவ்வொரு ஆணியும் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

இரண்டாம் பாகத்தில் அப்படி எதை நாம் தப்பாகப் படித்தோம்? ரயிலை முன்னால் காட்டவே இல்லை. பையைக் காட்டவில்லை. டூலூருக்கே குருவான பழைய திருடன் லெமார்க்கைச் சந்தித்ததைக் காட்டவில்லை. புதிதாக எடுத்து வைத்திருந்த காட்சியைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அதற்குப் பெயர் ட்விஸ்ட் இல்லை. எக்ஸாம் முடிந்த பிறகு சிலபஸ் கொடுப்பது.

டீக்கடை_விமர்சகர் எழுதியது:

சிலபஸ் 👏 இதை நான் வெளியே போய் என் வசனமாகச் சொல்லப்போகிறேன்.

ஸோடர்பெர்க்_பக்தன் எழுதியது:

பொறுங்கள், நானும் வருகிறேன். இந்தப் படத்துக்காக வாதாடுகிற ஆள் இந்தக் கும்பலில் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

நீங்கள் எல்லோரும் இது இரண்டாவது திருட்டுப் படம் என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். இது தோற்றுக்கொண்டே இருப்பவர்களைப் பற்றிய நகைச்சுவை. முதல் பாகத்தில் பதினொரு பேரும் கெட்டிக்காரர்கள், வசனம் பேசும்போதுகூட ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பார். இதில் அதே ஆட்கள் எதைத் தொட்டாலும் ஊத்திக்கொள்கிறது. டேனி பார்க்கிறவர்களிடமெல்லாம் எனக்கு ஐம்பது வயது மாதிரியா தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கூட்டத்துக்கு ஓஷனின் பதினொருவர் என்று பேர் வைத்தது யார், நாங்கள் என்ன உன் சம்பளக்காரர்களா என்று மற்றவர்கள் முறைக்கிறார்கள். கும்பலின் கழைக்கூத்தாடி யென்னை லக்கேஜோடு லக்கேஜாக விமானத்தில் தொலைத்துவிடுகிறார்கள். பெரிய வெற்றிக்குப் பிறகு அதே கும்பலைத் திரும்பக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் படம் காட்டுகிறது, அதாவது பார்ட் 2 எடுப்பதைப் பற்றியே எடுத்த பார்ட் 2.

ஆம்ஸ்டர்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படும் ஒரு ஆள், அவன் வீட்டில் உலகின் முதல் பங்குப் பத்திரம். எதிர்க் கட்டடத்திலிருந்து ஜன்னல் வழியாக அம்பு விட்டு அலாரத்தை அணைக்க வேண்டும், கோணம் சரியாக வரவில்லை, வீடு கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது. என்ன பண்ணுகிறார்கள்? தண்ணீருக்கு அடியில் போய் வீடு நிற்கும் மரத்தூண்களில் வேலை காட்டி வீட்டையே தூக்குகிறார்கள்! அந்த ஊரில் பழைய வீடுகள் நிஜமாகவே மரத்தூண்கள் மேல்தான் நிற்கின்றன, அதை இப்படி உபயோகித்த கற்பனைக்கே தனியாக மார்க் போடலாம். அவ்வளவு கஷ்டப்பட்டு உள்ளே போனால் டூலூர் ஏற்கெனவே வந்து எடுத்துவிட்டு ஒரு கறுப்பு நரி பொம்மையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதற்குச் சிரிப்பு வராதவர்களிடம் நான் என்ன பேச.

அப்புறம் கேமரா. இயக்குநர் ஸோடர்பெர்க்கே பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் ஒளிப்பதிவும் செய்கிறார். முதல் பாகம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். இதில் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று ஜூம் போவது, ஃபிரேமை அப்படியே நிறுத்துவது, டேவிட் ஹோம்ஸின் இசையைப் பழைய இத்தாலிய, பிரெஞ்சுப் படங்களின் வாசனையோடு போடுவது என்று அறுபதுகளின் ஐரோப்பியப் படம் ஒன்றையே ஹாலிவுட் காசில் எடுத்திருக்கிறார்.

பாக்ஸ்ஆபீஸ்_பாண்டி எழுதியது:

அவர் யார் காசில் எடுத்தார் என்பதுதான் பிரச்சினை பக்தரே. ஐரோப்பியக் கலைப்படம் பார்க்க வந்தவன் வேறு வரிசையில் நிற்பான். வேகாஸ், சூதாட்டம், கோட் சூட், கச்சிதமான பிளான், இதற்காக வந்தவனிடம் போய் நான் உன் எதிர்பார்ப்பையே கிண்டல் பண்ணுகிறேன் என்றால் அவன் சந்தோஷமாகவா வீட்டுக்குப் போவான்?

பாதிப்படம் எழுதியது:

ஜப்பான்காரர் பேரில் ஒருவர் வருவாரே, எல்லோரும் உட்கார்ந்து உளறுவார்களே, அதோடு எழுந்து வந்துவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது சொல்லுங்கள், இத்தனை வருஷமாக மண்டையில் ஓடுகிறது.

ஸோடர்பெர்க்_பக்தன் எழுதியது:

பாதிப்படம், பேர்தான் மட்சுயி, நடித்தவர் ராபி கோல்ட்ரேன், ஹாரி பாட்டர் படங்களில் ஹாக்ரிட்டாக வருவாரே அவரேதான். அர்த்தமே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். டேனியும் அவன் வலதுகை ரஸ்டியும் மட்சுயியும் சங்கேத பாஷை மாதிரி சம்பந்தமில்லாமல் எதையோ பேசுகிறார்கள். புதுப்பையன் லைனஸ் தன் முறை வரும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் லெட் ஸெப்பலினின் காஷ்மீர் பாட்டு வரிகளை எடுத்து விடுகிறான். மட்சுயி முகம் சுருங்கிவிடுகிறது. வெளியே வந்ததும் நீ அவருடைய அண்ணன் மகளைக் கேவலமாகப் பேசிவிட்டாய், அந்தக் குழந்தைக்கு ஏழு வயது என்று இருவரும் திட்டுகிறார்கள். அவன் நிஜமாகவே திட்டினானா, இல்லை புதுப்பையனை ராகிங் பண்ணுகிறார்களா என்று கடைசி வரை அவனுக்குத் தெரியாது. மாட் டேமனின் அந்த முழிக்காகவே நான் பத்து ரூபாய் கூடக் கொடுப்பேன்.

பாதிப்படம் எழுதியது:

சரி, ராகிங் என்று நினைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மீதியையும் பார்த்துவிடலாமா?

டீக்கடை_விமர்சகர் எழுதியது:

வேண்டாம், நீங்கள்தான் இந்த இழையிலேயே நிம்மதியாக இருக்கும் ஆள்.

வெள்ளிக்கிழமைக்காரி எழுதியது:

எல்லோரும் ஜூலியா ராபர்ட்ஸ் விஷயத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள், நான் அதற்காகத்தான் வந்தேன். எனக்கு அந்தப் பகுதி பிடிக்கும், மொத்தப் படத்திலும் அதுதான் உயிரோடு இருக்கிறது.

முதலில், அது வானத்திலிருந்து குதித்தது இல்லை. முதல் பாகத்திலேயே ரஸ்டி சில இளம் டிவி நடிகர்களுக்குச் சீட்டாட்டம் சொல்லிக்கொடுப்பான், அதில் டோஃபர் கிரேஸ் தன் சொந்தப் பெயரிலேயே வருவார். இரண்டாவதிலும் வருகிறார். ஆக இந்த உலகத்தில் நிஜ நடிகர்கள் இருக்கிறார்கள் என்பது ஏற்கெனவே போட்ட விதி. இன்னொன்று, முதல் பாகத்தின் பெயர்ப் பட்டியலில் ஜூலியா ராபர்ட்ஸை என்னவோ புதுமுகம் மாதிரி அறிமுகம் என்று போட்டுக் கிண்டல் பண்ணியிருப்பார்கள். அவர் ஆஸ்கர் வாங்கிய வருஷம் அது. இரண்டாம் பாகத்தின் முடிவில் அதையே திருப்பி, ஜூலியா ராபர்ட்ஸாக டெஸ் அறிமுகம் என்று போட்டிருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் ஜூலியா நிஜமாகவே கர்ப்பமாக இருந்தார், இரட்டைக் குழந்தைகள் 2004 நவம்பர் கடைசியில் பிறந்தன, படம் டிசம்பர் 10. கதையிலும் கர்ப்பிணி ஜூலியாவாக நடிக்க வேண்டும் என்று டெஸ்ஸுக்கு வயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். ஹோட்டலில் புரூஸ் வில்லிஸ் வந்து நிஜமான தோழியைப் பார்த்த மாதிரி பேச ஆரம்பித்ததும் டெஸ்ஸின் முகத்தைப் பாருங்கள். உலகத்திலேயே தன்னம்பிக்கை அதிகமுள்ள நட்சத்திரம், தன்னைப் போலவே நடிக்கத் தெரியாமல் திணறுகிற ஒரு பெண்ணாக நடிக்கிறார். புரூஸ் வில்லிஸைப் பார்க்கிற ஒவ்வொருவரும் சிக்ஸ்த் சென்ஸ் கிளைமாக்ஸை நான் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லிக் கடுப்பேற்றுவது இன்னொரு பக்கம் ஓடுகிறது.

டெஸ் முதல் பாகத்தில் என்ன செய்தாள்? இரண்டு ஆண்களுக்கு நடுவில் நின்றாள். இதில்தான் அந்தப் பாத்திரத்துக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது, உடனே எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது.

நிழல்மனிதன் எழுதியது:

வெள்ளிக்கிழமைக்காரி, டோஃபர் கிரேஸ் வாதம் நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உலகத்தில் ஜூலியா ராபர்ட்ஸும் புரூஸ் வில்லிஸும் இருந்தால் ஜார்ஜ் குளூனியும் இருக்க வேண்டுமே? டேனி ரோம் தெருவில் நடந்து போகும்போது ஒருத்தன்கூட ஆட்டோகிராப் கேட்கவில்லையா? பிராட் பிட் முகத்தை வைத்துக்கொண்டு ரஸ்டி எப்படி யாருக்கும் தெரியாமல் திருடுகிறான்? ஒரு நூலை இழுத்தீர்கள் என்றால் மொத்தச் சட்டையும் கழன்றுவிடுகிறது.

வெள்ளிக்கிழமைக்காரி எழுதியது:

கழன்றுவிடட்டும், அதுதான் ஜோக்.

டீக்கடை_விமர்சகர் எழுதியது:

புரூஸ் வில்லிஸ் அதே 2004ல் தி ஹோல் டென் யார்ட்ஸ் என்று இன்னொரு கிரைம் காமெடி பார்ட் 2 நடித்தார், அதைப் பார்த்தவர்களுக்கு ட்வெல்வ் காவியம். அதற்கு முன்னால் 2002ல் டி நீரோவின் அனலைஸ் தட், அப்புறம் 2005ல் டிரவோல்டாவின் பீ கூல். என்ன சாபமோ, அந்த மூன்று நான்கு வருஷத்தில் கிரைம் காமெடிக்குப் பார்ட் 2 எடுத்தவன் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பாக்ஸ்ஆபீஸ்_பாண்டி எழுதியது:

அது அந்த வருஷங்களோடு முடிகிற சாபம் இல்லை தல. தி ஸ்டிங் 1973ல் வந்து ஆஸ்கரை அள்ளியது, பால் நியூமன், ராபர்ட் ரெட்ஃபோர்ட். 1983ல் அவர்கள் இருவருமே இல்லாமல் தி ஸ்டிங் 2 எடுத்தார்கள், இன்று அப்படி ஒரு படம் இருப்பதே பலருக்குத் தெரியாது. காரணம் ஒன்றுதான். ஆக்‌ஷன் படம் என்றால் அடுத்த பாகத்தில் இன்னும் பெரிய வில்லனைக் கொண்டுவரலாம். ஏமாற்றுக்காரன் படத்தில் முதல் பாகம் பார்த்தவன் உஷாராகிவிடுகிறான். இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்தேதான் சீட்டில் உட்காருகிறான். அவனை மறுபடி ஏமாற்ற வேண்டுமென்றால் ரொம்ப உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் கள்ளாட்டம் ஆட வேண்டும். ட்வெல்வ் இரண்டாவதைச் செய்தது.

தூக்கம்வரல எழுதியது:

சூது கவ்வும் 2 பற்றி யாரும் பேசவில்லையே??

மட்டுறுத்துநர் எழுதியது:

அதற்குத் தனி இழை இருக்கிறது, நாற்பது பக்கம் ஓடி சண்டையில் பூட்டிவிட்டோம். இங்கே இழுக்க வேண்டாம்.

கடைசிவரிசை எழுதியது:

பாண்டி சொன்ன கள்ளாட்டம் என்ற வார்த்தையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

பக்தரே, நீங்கள் சொன்ன தோற்றுக்கொண்டே இருப்பவர்களின் நகைச்சுவை என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், எனக்கும் பிடிக்கும், அந்த வீட்டைத் தூக்கும் காட்சிக்கு நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்த வாதத்தைக் கொல்வதே உங்கள் படத்தின் கிளைமாக்ஸ். அவர்கள் தோற்கவே இல்லை என்கிறார்கள்! ரோமில் நடந்த அத்தனை சொதப்பலுக்கும் முன்பே முட்டை அவர்கள் கையில். அப்படியென்றால் நான் எதற்குச் சிரித்தேன்? தோல்விக்கா, நடிப்புக்கா? வயதாகிப்போன திருடர்கள், கைக்கு எதுவும் அகப்படவில்லை, கடைசியில் தோற்றே போகிறார்கள் என்று முடித்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். 1960ல் வந்த ஒரிஜினல் ஓஷன்ஸ் லெவனில் சினாட்ரா கும்பல் அப்படித்தானே தோற்றது? பணத்தைச் சவப்பெட்டியில் ஒளித்து வைக்கிறார்கள், பிணத்தோடு சேர்த்து எரித்துவிடுகிறார்கள், வெறும் கையோடு தெருவில் நடந்து போகிறார்கள். அந்தத் தைரியம் இந்தப் படத்துக்கு இல்லை. தோல்வி மாதிரி காட்டவும் வேண்டும், ஜெயிக்கவும் வேண்டும். இரண்டு பக்கமும் சம்பளம்.

ஸோடர்பெர்க்_பக்தன் எழுதியது:

இதற்குப் பதில் இருக்கிறது. ரோமில் நடந்தது டூலூருக்காகப் போட்ட நாடகம். அவன் இவர்களைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறான். இவர்கள் மியூசியத்தில் முயன்று தோற்பதைப் பார்த்தால்தான் தான் ஜெயித்ததாக நம்புவான். நாம் உட்கார்ந்திருப்பது டூலூரின் நாற்காலியில். அவனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், அவன் ஏமாறும்போது நாமும் ஏமாறுகிறோம்.

கடைசிவரிசை எழுதியது:

டூலூர் நாற்காலி என்றால் டூலூர் பார்க்க முடிந்ததை மட்டும்தானே காட்ட வேண்டும்? ஹோட்டல் அறைக்குள் டெஸ்ஸை இந்த வேஷத்துக்குச் சம்மதிக்க வைக்க லைனஸ் கும்பல் கையைப் பிசைந்துகொண்டு கெஞ்சுகிறதே, அங்கே டூலூர் எங்கே இருக்கிறான்? கதவைச் சாத்திய அறைக்குள் அந்தப் பதற்றம் யாருக்காக? நமக்காக. கேமராவுக்காக. அதைத்தான் கள்ளாட்டம் என்கிறேன். தவிர, டூலூர் தோற்றால் அவனுக்குப் பந்தயப் பணம்தான் போகிறது, அவன் பரம்பரைப் பணக்காரன். எனக்குப் போனது இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம்.

வெள்ளிக்கிழமைக்காரி எழுதியது:

இந்த இடத்தில் கடைசிவரிசை பக்கம் சாய்கிறேன். டெஸ் நாடகம் எனக்குப் பிடித்ததே அவள் நிஜமாகவே மாட்டிக்கொண்டு முழிக்கிறாள் என்பதால். அது தேவையே இல்லாத நாடகம் என்று பின்னால் தெரியும்போது அந்தப் பெண்ணை எதற்கு அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, வயிற்றைக் கட்டி, ஜெயிலில் உட்கார வைத்தார்கள் என்று டேனி மேலேயே எரிச்சல் வருகிறது. கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் பாத்திரத்துக்கும் இதே கதிதான். இசபெல் யூரோபோல் என்ற ஐரோப்பியப் போலீஸ் அமைப்பின் அதிகாரி, இந்தக் கும்பலைப் பிடிப்பதற்காகக் கையெழுத்தையே போலியாகப் போட்டு வேலைக்கு உலை வைத்துக்கொள்கிறாள், கடைசியில் பார்த்தால் லெமார்க் அவளுடைய அப்பாவாம், செத்துவிட்டதாக நினைத்த அப்பா. இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படி அவசரமாகவா சொல்வது?

நிழல்மனிதன் எழுதியது:

அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. இந்தத் திரைக்கதை முதலில் ஓஷன் கும்பலுக்காக எழுதியதே இல்லை. ஜார்ஜ் நோல்ஃபி வேறொரு திருட்டுக் கதையை ஹானர் அமாங் தீவ்ஸ் என்ற பெயரில் எழுதியிருந்தார், அமெரிக்காவின் சிறந்த திருடனுக்கும் ஐரோப்பாவின் சிறந்த திருடனுக்கும் போட்டி. அதை வாங்கி, இந்தப் பதினொரு பேரை உள்ளே ஏற்றி உருமாற்றினார்கள். முதல் பாகத்தை எழுதியவர் டெட் கிரிஃபின், வேறு ஆள். இது தெரிந்தபின் படத்தைப் பாருங்கள், டூலூர், லெமார்க், இசபெல் மூவருக்கும்தான் நிஜக் கதை இருக்கும். பதினொரு பேரில் பாதிப்பேர் ஜெயிலில் உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்தக் கதையில் இடமே கிடையாது. பெர்னி மாக், கார்ல் ரைனர் மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு அப்படி வீணடிக்க மனசு வருமா?

பாக்ஸ்ஆபீஸ்_பாண்டி எழுதியது:

ஆஹா, இப்போதுதான் முழுக்கணக்கும் டேலி ஆகிறது.

தூக்கம்வரல எழுதியது:

அந்த லேசர் டான்ஸ் பற்றியாவது பேசலாமா, இல்லை அதற்கும் தனி இழையா

ஸோடர்பெர்க்_பக்தன் எழுதியது:

பேசலாம், தாராளமாகப் பேசலாம். டூலூராக வரும் வின்சென்ட் காஸெல் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, நகர்ந்துகொண்டே இருக்கும் லேசர் கதிர்களுக்கு நடுவே கபோய்ரா என்ற பிரேசில் சண்டை நடனம் ஆடிக்கொண்டே போவார். பாட்டு லா கோசியோன் என்கிற பிரெஞ்சு ராப் குழுவுடையது. படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்தக் காட்சியைத் தனியாகப் பார்த்திருப்பார்கள். அதில் உள்ள குசும்பு என்னவென்றால், இவ்வளவு ஆடி அவன் எடுத்துக்கொண்டு போனது டூப்ளிகேட் முட்டை. ஏரிக்கரை மாளிகையில் டேனியிடம் பெருமையாகச் சொல்லிக் காட்டுகிறான், டேனி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கடைசிவரிசை எழுதியது:

காட்சி அழகு, மறுப்பே இல்லை. ஆனால் பாருங்கள், படத்தில் நாம் முழுசாகப் பார்க்கிற ஒரே உருப்படியான திருட்டு வில்லன் செய்த திருட்டு. ஹீரோ செய்தது ரயிலில் பை மாற்றுவது. அதை எந்த பஸ் ஸ்டாண்டிலும் செய்வார்கள்.

டீக்கடை_விமர்சகர் எழுதியது:

முட்டை பற்றி ஒரு கொசுறு. அந்த முடிசூட்டு முட்டை நிஜமாகவே இருக்கிறது, 1897ல் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் மனைவிக்குக் கொடுத்தது, உள்ளே குட்டித் தங்க வண்டி இருக்கும். படம் வந்த அதே 2004ல் ஃபோர்ப்ஸ் குடும்பத்திடமிருந்து வெக்செல்பெர்க் என்கிற ரஷ்யக் கோடீஸ்வரர் ஏலத்துக்கு வரும் முன்பே ஒன்பது முட்டையை மொத்தமாக வாங்கிவிட்டார். லேசரும் இல்லை, ரயிலும் இல்லை. செக் போட்டார், எடுத்துக்கொண்டு போனார்.

பாதிப்படம் எழுதியது:

மீதியையும் பார்த்துவிட்டேன். லேசர் டான்ஸ் சூப்பர். ரயில் விஷயத்தில் கடைசிவரிசை சொல்வது சரி. அடுத்து 13 பார்க்கலாமா, அதுவும் இப்படித்தானா?

பாக்ஸ்ஆபீஸ்_பாண்டி எழுதியது:

பார்க்கலாம். 2007ல் வந்தது, அல் பசினோ வில்லன், மறுபடி வேகாஸ், மறுபடி கச்சிதமான பிளான். ஜூலியாவும் இல்லை, ஸீட்டா ஜோன்ஸும் இல்லை. நல்ல பிள்ளையாக எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதம்.

ஸோடர்பெர்க்_பக்தன் எழுதியது:

அதனால்தான் அதில் ஒரு காட்சிகூட ஞாபகம் நிற்கவில்லை.

நிழல்மனிதன் எழுதியது:

எப்படி நிற்காமல் போகும், ஆங்கிலேயக் கால்வாய்க்கு அடியில் சுரங்கம் தோண்டிய இயந்திரத்தைக் கொண்டுவந்து சூதாட்ட விடுதிக்கு அடியில் துளை போடுகிறார்கள், அது ரிப்பேர் ஆனதும் அதன் ஜோடி இயந்திரத்தையும் வாங்கக் காசில்லாமல் பெனடிக்டிடமே போய் நிற்கிறார்கள்!

கடைசிவரிசை எழுதியது:

அதற்குத் தனி இழை போடுங்கள் நிழல். இயந்திரம் பற்றி எனக்கு நிறைய கேள்விகள் இருக்கின்றன.